மூன்று மீற்றர் நாற்பது

பீல் நகரத்து நீச்சல் மண்டபம்
இரவு ஒன்பதே முக்காலுக்கு மூடும்.
அதன்பிறகு தண்ணீர் என் பொறுப்பு.
வலைக்கம்பு, ரப்பர் சப்பாத்து, குளோரின் மணம்.

ஆழம் 3.40 என்று சுவரில் எழுதியிருக்கிறது.
இரண்டரைதான் என்கிறது கண்.
பதினொரு வருடமாய் இரண்டுக்கும் சண்டை.
நான் சுவரின் பக்கம்.

இன்று லியோனி,
தண்ணீர்ப் போலோ அணியின் கோல் காப்பவள்,
இடக்கண்ணைப் பொத்தியபடி வந்தாள்.
பெட்டிச் சாவி விழுந்துவிட்டதாம்.
கண்வில்லையும்.
காலை எட்டுக்குப் பரீட்சை,
வேறு சோடி இல்லை.

சாவி லேசு, சிவப்புப் பட்டி கட்டியது.
புதியவர்கள் கரையில் நின்று
தெரிகிற இடத்துக்குக் கம்பை விடுவார்கள்.
வெறும் நீர் வரும்.
நீரை விட்டு வெளியேறும் ஒளி சாய்கிறது,
நேர்கோட்டைத் தவிர வேறெதையும் நம்பாத கண்
சாவியை மேலே தூக்கி வைத்துவிடுகிறது.
எனக்கொரு வழி தெரியும்:
கம்பின் நுனியை முதலில் நீருக்குள் இறக்கு.
இப்போது நுனியும் பொய், சாவியும் பொய்,
ஏறக்குறைய ஒரே அளவு பொய்.
இரண்டையும் கீழே சந்திக்கவிடு.
சாவி வந்துவிட்டது.

வில்லைதான் வரவில்லை.
நீரில் ஊறிய மெல்லிய சவ்வு,
நீர் வளைப்பதைப்போலவே ஒளியை வளைக்கிறது,
அதனால் எதுவும் வளைவதில்லை,
எதுவும் திரும்பி வருவதில்லை.
ஒரு பொருள் கண்ணில் படுவது
அதன் விளிம்பில் ஒளி இடறுவதால்.
இடறலே இல்லையென்றால்
அது அங்கே இருந்தும் என்ன?

சட்டத்தில் இடமில்லை, ஆனாலும் இறங்கினேன்,
வேலைச் சட்டையோடு.

அடியில் மல்லாந்து பார்த்தால்
மண்டபம் முழுக்க ஒரு வட்டத் தட்டுக்குள்:
மணிக்கூடு, பச்சை நிற அவசரக் கதவு, உத்திரங்கள்,
விளிம்போரம் நசுங்கிக் குனியும் லியோனி.
தட்டுக்கு வெளியே கூரை இல்லை,
வெள்ளிக் கண்ணாடிதான்,
அதில் தலைகீழாய் நீல ஓடுகள்,
ஓடுகள்மேல் நான்.

எல்லையில் ஒளிக்கும் விசாரணை உண்டு.
கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புவார்கள்,
மிச்சத்தை விடுவார்கள்,
வேகத்தைக் குறைத்து, திசையைச் சற்றே மாற்றி.
சாய்வு மிஞ்சினால் ஒரு கீற்றையும் விடமாட்டார்கள்,
அதுவும் நீரிலிருந்து வெளியேறப் பார்க்கும் கீற்றுக்கு மட்டும்.
இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை,
மூச்சு முடிகிறது.

ஓடுகளைத் தடவினேன், வடிகால் துளையைத் தடவினேன்.
மூன்று தரம்.
ஒரு தலைமயிர், ஒரு பிளாஸ்டர்,
யாருடையதோ மூக்குக் கிளிப்.

வெறுங்கையோடு ஏறினேன்.
நான் சொட்டிய இடமெல்லாம் மங்கல் தரை கறுத்து
குழல்விளக்குகளைத் துண்டு துண்டாய் ஏந்தியது.
‘பரவாயில்லை’ என்று பிரெஞ்சில் தொடங்கியவள்
சட்டென்று ஜெர்மனுக்குத் தாவி
‘டா!’ என்றாள்.
பாரேன், இந்தப் பெட்டையின் வாயை, என்று
தமிழ்க் காது ஒரு கணம் சுளித்தது.
‘இதோ’ என்கிறாள்.

என் முழங்கைக்குக் கீழே
ஒரு மீன்செதிள்.
காற்றுப் பட்டதும் விளிம்பு முளைத்திருந்தது அதற்கு,
குழல்விளக்கு முழுவதையும்
கடுகளவு வெள்ளையாய்த் திருப்பி எறிந்தது.
இவ்வளவு நேரமும் என்னோடுதான் நீந்தியிருக்கிறது.

பையிலிருந்து குப்பியை எடுத்து
அதன் மருந்துநீரில் விட்டாள்.
விட்டதும் காணாமல் போயிற்று.
‘இருக்கிறதா?’ என்றேன்.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்,
ஒரு கண்ணால்,
பிறகு தோளை உயர்த்தினாள்.

ஈரப் படிக்கட்டில்
கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல்,
ஒன்றுமே இல்லாததுபோன்ற அந்தக் குப்பியை
இரண்டு கையாலும் ஏந்தி
மெதுவாய் இறங்கிப் போனாள்.